நாலாம் காரணம்

மே 2, திங்கள்

என் கணவர் தாமோதரன் பம்ப்செட் கம்பெனியில் சர்வீஸ் மேலாளர். வருடா வருடம் கம்பெனி டைரி ஒன்று கொண்டுவருவார். நான் மளிகைச் சாமான் எழுதிக் கிழித்துத் தீர்ப்பேன். இந்த வருட டைரி கை படாமல் கிடந்தது. இன்றைக்கு எதையாவது எழுதினால்தான் மனசு ஒரு நிலைக்கு வரும் போலிருக்கிறது.

காலையில் வீட்டுக்காரர் மயில்சாமி அண்ணன் வந்தார். மகன் கனடாவில் நிலையாகிவிட்டானாம், இவரையும் கூப்பிடுகிறானாம், நாங்கள் குடியிருக்கும் இந்தச் சௌரிபாளையத்து வீட்டை விற்கப்போகிறாராம். பதினான்கு வருடமாக இருக்கிறோம் என்பதால் முதலில் எங்களிடம் சொல்கிறார். ஜூன் பத்தாம் தேதிக்குள் பத்து லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டால் மீதிக்கு வங்கிக் கடன் வரும்வரை காத்திருப்பார். இல்லையென்றால் திருப்பூர் பார்ட்டி ஒருவர் தயாராக இருக்கிறார். கோபமாகச் சொல்லவில்லை, காபி குடித்துக்கொண்டே சொன்னார்.

எனக்கு வீடு பெரிய விஷயமில்லை. எங்கே போனாலும் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. மாமாவுக்குத்தான் விஷயம். என் மாமனார் அங்கமுத்து மில் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தாறு வயது. எட்டு வருடத்துக்கு முன்னால் இதே வீட்டில்தான் அவருக்குப் பார்வை முழுதாகப் போனது. ஆனால் இந்த வீட்டுக்குள் அவர் சுவரைத் தொட்டு நடந்து நான் பார்த்ததில்லை. விடியலில் தானே காபி போட்டுக்கொள்வார், கேட்டைத் திறந்து பேப்பரை எடுத்துவந்து நான் படிப்பதற்காக மேஜை மேல் வைப்பார். போன வருடம் நாத்தனார் வீட்டுக்குப் பொள்ளாச்சிக்குப் பத்து நாள் போனார். பத்து நாளும் கட்டிலை விட்டு இறங்கவில்லை. பாத்ரூமுக்கு யாரையும் கூப்பிடக் கூச்சப்பட்டு, தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். எட்டாம் நாள் மயங்கி விழுந்தார். இந்த வயதில் இன்னொரு வீட்டைப் படித்துக்கொள்ள அவரால் முடியாது என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

வீட்டுக்காரர் போன பிறகு மாமா மத்தியானம் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார்.

மே 3, செவ்வாய்

ஆபீஸைப் பற்றி இரண்டு வரி எழுதி வைக்காவிட்டால் பின்னால் படிக்கும்போது எனக்கே புரியாது.

கம்ப்யூட்டர் படங்களை விலை கொடுத்து வாங்கிச் சேர்க்கிற கிறுக்கு உலகத்தில் ஒரு கூட்டத்துக்குப் பிடித்திருக்கிறது. குரங்கு, பூனை, ஆந்தை. ஒரு தொகுதியில் ஆயிரக்கணக்கான படம், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு சொந்தக்காரர். ஐந்தாறு இணையச் சந்தைகளில் விற்பனைக்கு வரும். எல்லாச் சந்தையையும் சேர்த்துப் பார்த்து, அந்த நிமிடத்தில் யார் ஆகக் குறைவாக விலை போட்டிருக்கிறாரோ அந்த விலைதான் அந்தத் தொகுதியின் அடிவிலை. மாமாவிடம் ஒரு தடவை விளக்கியபோது, "அடிமாட்டு வெலைன்னு சொல்லு அம்மிணி, புரிஞ்சுபோச்சு" என்றார்.

எங்கள் நிறுவனம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சந்தைகளைத் துழாவி அந்த எண்ணைத் தன் பக்கத்தில் போடுகிறது. அதே பக்கத்தில் பொத்தானை அமுக்கி வாங்கிக்கொள்ளவும் செய்யலாம். ஆந்தை வாங்குகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் நம் பக்கம் வழியாகத்தான் வாங்குகிறார்கள் என்று மேலாளர் ஹரி சார் பெருமையடித்துக்கொள்வார்.

துழாவுவது மெஷின். எது நிஜ விலை, எது கோளாறு என்று அதற்குத் தெரியாது. அதற்குத்தான் நானும் ரெஜினாவும். நான்கு காரணங்களில் ஒன்றைக் குறித்தால் அந்த விலை கணக்கில் சேராது, பக்கத்திலும் தெரியாது. ஒன்று, புள்ளி தவறிய விலை. இரண்டு, படத்தைக் கைமாற்றிய பிறகும் தொங்கிக்கொண்டிருக்கும் பழைய விலை. மூன்று, தனக்குத்தானே விற்று வாங்கி விளையாடுகிறவர்கள். நான்கு, சந்தேகத்துக்குரிய விற்பனையாளர்: புது வாலட் (படங்களை வைத்துக்கொள்ளும் இணையக் கணக்கு; பெயர் இருக்காது, முகவரி எண் மட்டும்தான்), முன்பு எதுவும் விற்றதில்லை. நாலாம் காரணத்துக்கு மட்டும் கட்டுப்பாடு அதிகம். விற்பவருக்கு எழுதிக் கேட்க வேண்டும், ஒரு நாள் காத்திருக்க வேண்டும், இன்னொருவர் சரிபார்த்துச் சுருக்கொப்பம் போட வேண்டும்.

இன்று யாரோ ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்குப் போட வேண்டிய ஆந்தையைப் பதினோராயிரத்துக்குப் போட்டுவிட்டார். (திரையில் வேறு நாணயம் ஓடும், எனக்குப் புரிய இங்கே ரூபாயிலேயே எழுதுகிறேன்.) முதலாம் காரணம் குறித்து மறைத்தேன். ஒரு மணி நேரத்தில் அந்த ஆள் நன்றி எழுதினார், குடும்பமே தப்பித்தது என்றார். சாயங்காலம் வரை தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

மே 6, வெள்ளி

எழுதாமல் தள்ளிப்போட்ட விஷயத்தை எழுதிவிடுகிறேன். எங்களிடம் ஆந்தை இருக்கிறது. பதினான்கு.

கோவைப்புதூரில் வாங்கிப்போட்டிருந்த மனையை விற்ற காசில் ஜனவரியில் இவர் வாங்கினார். ஒவ்வொன்றும் ஒரு லட்சத்து அறுபதாயிரம். வாங்கு என்று நான் சொல்லவில்லை. சாப்பிடும்போது, இன்றைக்கு ஆந்தை ஏறிவிட்டது, நேற்றைவிட ஏறிவிட்டது என்று நாலு நாள் சொன்னேன், அவ்வளவுதான். மனுஷர் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்வார் என்று யாருக்குத் தெரியும். வாங்கிய அன்று குழந்தை மாதிரி போனில் ஒவ்வொன்றாகக் காட்டினார். இது தொப்பி வைத்தது, இது 2217, மூக்குக்கண்ணாடி போட்டது, நம்ம அப்பா மாதிரியே இல்லையா என்றார். எனக்கு எல்லா ஆந்தையும் ஒரே மூஞ்சிதான்.

பிப்ரவரியில் ஆபீஸில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நாம் விலை பார்க்கிற தொகுதிகளில் குடும்பத்தில் யாராவது எதையாவது வைத்திருந்தால் எழுத வேண்டும், எழுதினால் அந்தத் தொகுதியை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவார்கள். 'யாரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதனால் ஆபீஸ் திரையில் இவருடைய வாலட்டை நான் திறப்பதே இல்லை. எந்த வாலட்டைத் திறந்தாலும் பதிவாகிவிடும். நினைத்தால் ஒரு நொடியில் பார்த்துவிடலாம் என்று இவரிடம் ஜம்பமடித்தது உண்டு. பார்த்ததில்லை.

இன்றைக்கு விற்றால்கூடப் பதினைந்து லட்சம் வரும். முன்பணத்தைக் கட்டிவிடலாம். வாங்கிய விலைக்குக் கீழேதான், பரவாயில்லை, வித்துவிடுங்கள் என்றேன். பார்க்கலாம் என்றார்.

மே 9, திங்கள்

மாமாவுக்குச் சளி. ஆந்தை ஒரு லட்சத்து நாலாயிரம்.

மே 12, வியாழன்

உலகச் சந்தையே ஆட்டம் கண்டிருக்கிறது. ஆபீஸில் எல்லோர் திரையும் சிவப்பு. எந்தத் தொகுதியைப் பார்த்தாலும் ஆளாளுக்கு விலையைக் குறைத்துக் கொட்டுகிறார்கள்.

ஆந்தையில் பத்தரை மணிக்கு ஒருவர் எண்பத்தெட்டாயிரத்துக்குப் போட்டார். அடுத்த விலை ஒரு லட்சத்துக்கு மேல். நடுவில் ஒன்றுமே இல்லை. வாலட்டின் வயது மூன்று நாள். முன்பு எதையும் விற்றதில்லை. நாலாம் காரணத்துக்கு எல்லாம் பொருந்துகிறது. எழுதிக் கேட்டுவிட்டு ஒரு நாள் காத்திருக்கலாம்தான். ஆனால் அந்த ஒரு நாளில் அந்த விலையைப் பார்த்து நூறு பேர் பயந்து இறக்கிவிடுவார்கள். ஒருவர் பயந்ததற்காக எல்லோரும் ஏன் நஷ்டப்பட வேண்டும்? குறித்தேன். ரெஜினாவின் சுருக்கொப்பமும் விழுந்தது.

மூன்று மணிவரை விலை அசையவில்லை. எனக்குப் படபடப்பு அடங்கியது.

மே 16, திங்கள்

ரெஜினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் என் எதிர் மேஜை. எதிரெதிரே உட்கார்ந்து மூன்று வருடம். நாளுக்கு நாற்பது குறிப்பு வந்தால் ஒருவர் குறித்ததை இன்னொருவர் திறந்து பார்ப்பது நடக்காத காரியம். அதனால் ஆரம்பத்திலேயே எங்களுக்குள் ஏற்பாடு: நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன். அவள் தலை நிமிராமல் போடுவாள். நானும் அப்படித்தான். ஒரு தடவைகூடத் தப்பு வந்ததில்லை.

இந்த வாரம் நாலாம் காரணத்தில் ஏழு. கொஞ்சம் அதிகம்தான். சந்தை அப்படி.

மே 19, வியாழன்

ஒரே புது வாலட், இரண்டு ஆந்தை, எண்பத்தைந்தாயிரம். கமிஷன் வாங்காத ஒரு குட்டிச் சந்தையில் போட்டிருக்கிறார்கள். அந்தச் சந்தைக்கு நேராகப் போகிற ஆள் கிடையாது, எங்கள் பக்கத்தில் தெரிந்தால்தான் விற்கும். எங்கள் திரையில் படம் வராது, எண்ணும் வாலட் முகவரியும் விலையும்தான். ஒன்றின் எண் 2217. எங்கேயோ பார்த்த எண் மாதிரி இருந்தது. நாள் முழுக்க எண்ணைப் பார்க்கிறவளுக்கு எந்த எண்தான் பார்த்த மாதிரி இருக்காது.

வாலட்டின் வயது ஒன்பது நாள். நாலாம் காரணம் குறித்தேன்.

வரும் வழியில் மாமாவுக்குப் பழம் வாங்கினேன். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். என் வண்டிச் சத்தம் அவருக்குத் தெரியும், வண்டி உள்ளே போக வசதியாக ஒரு எட்டு நகர்ந்து நின்றார். "வூடு வாங்கறதப் பத்தி தாமு ஏதாச்சும் சொன்னானா?" என்று கேட்டார். விலை நன்றாக நிற்கிறது, விற்றதும் வாங்கிவிடலாம் மாமா என்றேன். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தொண்ணூற்று ஒன்பதாயிரத்தில் நிற்கிறது.

மே 23, திங்கள்

இரவுச் சாப்பாட்டின்போது சண்டை. எத்தனை தடவை கேட்பது? விலை ஒரு லட்சத்துக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கிறது, இப்போது விற்காமல் எப்போது விற்கப்போகிறீர்கள் என்றேன். இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "வெலை நிக்குது பூங்கோதை. வாங்கறதுக்குத்தான் ஆளக் காணோம்" என்றார்.

அது எப்படி? விலை நிற்கிறது என்றால் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். இவருக்கு ஆசை விடவில்லை, மறுபடி ஒன்று அறுபதுக்கு ஏறும் என்று உட்கார்ந்திருக்கிறார். அதை ஒப்புக்கொள்ள மனசில்லாமல் சந்தையைக் குறை சொல்கிறார். அப்பாவுக்காகக்கூட மனசு இறங்கவில்லையே என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மே 26, வியாழன்

விற்பவர்களின் புகார்க் கடிதங்களுக்கும் நாங்களே பதில் போட வேண்டும். நாலாம் காரணத்துக்குத் தயார் பதில் ஒன்று உண்டு: 'உங்கள் விற்பனை விவரம் எங்கள் நம்பகச் சோதனையில் தேறவில்லை. உங்கள் பொறுமைக்கு நன்றி.' கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாம்.

அந்த ஒன்பது நாள் வாலட்காரர் எழுதியிருக்கிறார். பெயர் போடவில்லை. அரைகுறை இங்கிலீஷ். தன் ஆந்தைகள் உங்கள் பக்கத்தில் ஏன் தெரியவில்லை, நான் திருடன் இல்லை, காசு கொடுத்து வாங்கியவன், வீட்டில் வயசானவர் இருக்கிறார், ஜூன் பத்துக்குள் விற்றாக வேண்டும் என்று.

இப்படி எழுதாதவர்களே கிடையாது. எல்லோர் வீட்டிலும் வயசானவர் இருக்கிறார், எல்லோருக்கும் ஒரு தேதி இருக்கிறது. ஜூன் பத்து என்பது எத்தனையோ பேருக்கு எத்தனையோ காரணத்துக்குக் கெடுவாக இருக்கும்.

தயார் பதிலை மட்டும் அனுப்ப மனசு வரவில்லை. கீழே ஒரு வரி சொந்தமாகச் சேர்த்தேன்: 'பயந்து விலையைக் குறைக்காதீர்கள். கொஞ்சம் பொறுத்தால் நல்ல விலை கிடைக்கும்.' யாரோ ஒருவருக்கு ஆறுதலாக இருக்கட்டும்.

மே 30, திங்கள்

அதே ஆள் மறுபடி எழுதியிருக்கிறார். இப்போது எட்டு ஆந்தை போட்டிருக்கிறார், விலை எழுபத்தெட்டாயிரம். 'பொறுத்துப் பார்த்தேன், ஐயா. இனிமேல் பொறுக்க நாள் இல்லை' என்று ஒரே ஒரு வரி.

விதிப்படி இந்நேரம் நான் அவருக்கு எழுதிக் கேட்டு, வாங்கிய விவரத்தைச் சரிபார்த்து, சரியென்றால் குறியை எடுத்திருக்க வேண்டும். எடுத்தால் ஆந்தை ஒரே நாளில் எழுபத்தெட்டுக்கு வந்துவிடும். எங்கள் பதினான்கும் அன்றைக்கே அவ்வளவுதான்.

ஜூன் பத்துவரை. அதற்குப் பிறகு எல்லாக் குறியையும் எடுத்துவிடுவேன். அதே பதிலையே மறுபடி அனுப்பினேன்.

ஜூன் 3, வெள்ளி

மயில்சாமி அண்ணன் போன் செய்தார். திருப்பூர்க்காரர் நெருக்குகிறாராம்.

இவர் இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. மத்தியானமெல்லாம் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவர் கம்பெனி டிரைவர் சொன்னான். ஏனுங்க, விக்க மனசில்லாட்டிச் சொல்லிருங்க, வேற வழி பார்க்கலாம் என்று நயமாகத்தான் கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். முகம் கறுத்துக் கிடக்கிறது. எனக்கு வருவது கோபமா பயமா என்று எனக்கே தெரியவில்லை.

மாமா இன்று இரண்டு தடவை கேட் வரைக்கும் போய்ப் போய் வந்தார். எதற்கு என்று கேட்டேன். சும்மா, நடக்க முடியும்போது நடந்துக்கறேன் என்றார்.

ஜூன் 8, புதன்

நாலாம் காரணத்தில் மொத்தம் பத்தொன்பது பேர். ஆந்தை தொண்ணூற்று ஆறாயிரம். எல்லாத் தொகுதியும் பாதிக்குக் கீழே போய்விட்டது, ஆந்தைக்கு மட்டும் இரும்புத் தரை போட்டிருக்கிறதா என்று ஹரி சார் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ரெஜினா நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஜூன் 10, வெள்ளி

பணம் இல்லை. மயில்சாமி அண்ணனிடம் இவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். திருப்பூர்க்காரர் சாயங்காலமே முன்பணம் கொடுத்துவிட்டார். இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

ஜூன் 11, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மத்தியானம் மாமா படுத்த பிறகு இவர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நான் விக்காம உக்காந்திருந்தேன்னுதானே நெனச்சே என்று ஆரம்பித்தார். மே பத்தாம் தேதியே விற்கத் தீர்மானித்துவிட்டாராம். ஆனால் ஒன்று அறுபதுக்கு வாங்கியதை எண்பத்தைந்துக்குத் தள்ளுவதை நான் ஆபீஸ் திரையில் பார்த்துவிடுவேன் என்று வெட்கம். நான் ஜம்பமடித்தது அவருக்கு நினைவிருந்தது. அதனால் புதிதாக ஒரு வாலட் திறந்து, ஆந்தைகளை அதற்கு மாற்றி, யாருக்கும் தெரியாத ஒரு குட்டிச் சந்தையில் போட்டிருக்கிறார். விற்று முடித்துப் பணத்தை வீட்டுக்காரர் கையில் கொடுத்த பிறகு என்னிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். முதலில் இரண்டு. பிறகு எட்டு. பிறகு பதினான்கும். ஒன்றுகூடப் போகவில்லை. ஏன் என்று இரண்டு தடவை எழுதிக் கேட்டாராம்.

போனை என் கையில் கொடுத்தார். நான் படிக்கத் தேவையே இருக்கவில்லை. ஆனாலும் கடைசி வரி வரைக்கும் படித்தேன்.

"இதெழுதுனவன் நல்ல மனுசனாட்ட இருக்குது. கடைசீல ஆறுதலா ஒரு வரி போட்டிருக்கறான் பாரு. அவஞ் சொன்னானேன்னுதான் நாலு நாள் வெலையைக் கொறைக்காம இருந்தேன்" என்றார்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். "நான்தாங்க எழுதுனேன்" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு காரணங்கள், ரெஜினாவின் சுருக்கொப்பம், படிவத்தில் போட்ட பொய்க் கையெழுத்து, விலை விழாமல் பிடித்துக்கொண்டால் அவர் நல்ல விலைக்கு விற்பார், மாமாவுக்கு வீடு நிற்கும் என்று நினைத்தது. முழுக்கக் கேட்டார். முடித்த பிறகு போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தார்.

"அது என்னுதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க."

"தெரிஞ்சிருந்தா?"

"விட்டிருப்பேன்."

"அப்ப மத்தவிங்களுது?"

எத்தனை பேர் என்று கேட்டார். உங்களைச் சேர்த்துப் பத்தொன்பது என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தெரியாது என்று அவரிடம் சொன்னது முழு உண்மை இல்லை. இங்கேயாவது எழுதுகிறேன். 2217 திரையில் வந்த அன்று ஒரு நொடி, மூக்குக்கண்ணாடி போட்ட ஆந்தை என்று தோன்றியது. ஜூன் பத்து என்று கடிதத்தில் படித்தபோது இன்னொரு தடவை தோன்றியது. வாலட்டைத் திறந்து அது எங்கிருந்து வந்தது என்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்த்தால் என் பெயரில் பதிவாகும், படிவத்துப் பொய் வெளியே வரும் என்று பார்க்கவில்லை. வேறு ஒன்றும் காரணம் இல்லை.

ஜூன் 13, திங்கள்

ஆபீஸ் போனதும் பத்தொன்பது பேரின் குறிகளையும் எடுத்தேன். ஐந்து நிமிடத்தில் மெஷின் அடுத்த தடவை துழாவியதும் ஆந்தை எழுபதுக்கு இறங்கியது. பயந்தவர்கள் குறைக்கக் குறைக்க, மத்தியானத்துக்குள் முப்பத்தெட்டாயிரம். இவரும் கூடவே விலையைக் குறைத்துக்கொண்டே வந்ததில் பதினான்கும் ஒவ்வொன்றாகப் போய் முடிந்தன. ஐந்து லட்சத்துச் சொச்சம் வரும். போன மாதம் பன்னிரண்டாம் தேதி நான் ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலே வீடு எங்களுடையதாக இருந்திருக்கும்.

மற்ற பதினெட்டுப் பேரின் கடிதங்களையும் உட்கார்ந்து படித்தேன். இத்தனை நாள் தயார் பதிலை அனுப்பினேனே தவிர, ஒன்றையும் முழுதாகப் படித்ததில்லை. நாலு பேர் விற்பதையே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் பதினோரு தடவை எழுதியிருக்கிறார்.

பிறகு ஹரி சாரிடம் போய் எல்லாம் சொன்னேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அது எதிர்பார்த்ததுதான். ரெஜினாவுக்கும் விசாரணை, பத்தொன்பதிலும் அவள் சுருக்கொப்பம் இருக்கிறது. கணவரை இழந்து ஒற்றைச் சம்பளத்தில் வீடு நடத்துகிறவள். லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று, "பாக்காமலே போட்டேனே பூங்கோதை, நீன்னுதானே போட்டேன்" என்றாள். அவள் தோளைத் தொடப் போனேன். நகர்ந்துகொண்டாள்.

ஜூன் 17, வெள்ளி

சிங்காநல்லூரில் வீடு பார்த்தாயிற்று. கீழ்த்தளம். பாத்ரூமுக்கு ஒரு படி இறங்க வேண்டும்.

ஜூன் 26, ஞாயிறு

நேற்று குடிவந்தோம். சாமான் இன்னும் பிரிக்கவில்லை. மாமாவை ஹாலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறோம். காலையில் இவர் கையைப் பிடித்து ஒவ்வோர் அறையாகக் கூட்டிப்போய்ச் சுவர், கதவு, படி என்று தொட்டுக் காட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்ததும், ஒரு தடவை தனியாகப் போய்ப் பார்க்கிறேன் என்று மாமா எழுந்தார். மூன்றாவது எட்டில் அரிசி மூட்டையில் கால் தட்டி, கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். பெரிய காயமில்லை. மஞ்சள் குழைத்து வைத்தேன். கையை முழங்காலில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

நான் சமையல்கட்டில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தபோது ஹாலில் பேச்சு கேட்டது. இத்தனை நாள் கேட்காததை மாமா மகனிடம் கேட்டுவிட்டார். மனை வித்த காசு இருந்ததே, ஒரு மாசம் தவணையும் இருந்ததே, அந்த வூடு ஏன்டா கையை விட்டுப் போச்சு என்று.

நான் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன். இவர் உண்மையைச் சொல்லிவிடுவார், சொல்லட்டும் என்று நின்றேன்.

"பேராசைங்கப்பா. இன்னும் ஏறும் ஏறும்னு நாளக் கடத்திப்போட்டேன்" என்றார் இவர்.

மாமா குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. இன்று உயர்த்தினார். "உன்ற பொண்டாட்டி அந்த வெலை பாக்கற ஆபீஸ்லயேதானடா வேலைக்குப் போனா. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நமக்கு இந்த கதி வந்திருக்குமா?"

"கேட்டிருக்கோணுமுங்கப்பா" என்றார்.

சமையல்கட்டிலிருந்து ஹாலுக்கு நாலே எட்டு. போய் மாமா எதிரில் நின்று, அவர் மேல் தப்பில்லை, நான்தான் என்று சொல்ல வேண்டும். வாசற்படி வரைக்கும் வந்தேன். இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணைக் காட்டவில்லை, சொல் என்றும் காட்டவில்லை. சும்மா பார்த்தார்.

நான் திரும்பிப் போய்ப் பாத்திரங்களை அடுக்கினேன்.